டெல்பியும் சிலோவாமும்

தவக்காலம் நான்காம் ஞாயிறு, முதல் ஆண்டு
வாசகங்கள்: 1 சாமுவேல் 16, எபேசியர் 5:8-14, யோவான் 9:1-41



இன்று மகிழ்ச்சி ஞாயிறு. தவக்கால ஊதாவை ஒரு நாள் ஒதுக்கி வைத்துவிட்டு ரோஜா நிறத் திருவுடையில் நிற்கிறேன். இந்த நாள் பார்த்து ஒரு துயர நாடகத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாரே என்று பாடகர் குழுவினர் என்னை முறைத்தாலும் ஆச்சரியமில்லை. ஆனால் இன்றைய நற்செய்தியில் சீடர்கள் கேட்கிற அதே கேள்வியை, ஆண்டவர் பிறப்பதற்கு 400 ஆண்டுகளுக்கும் முன்னால் ஏதென்ஸ் நகரத்தார் ஒரு மலைச்சரிவில் கூடி உட்கார்ந்து கேட்டார்கள். அவர்களுக்குக் கிடைத்த பதிலையும் சீடர்களுக்குக் கிடைத்த பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறேன்.

பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் வழியோரம் இருக்கிறார். அவரைப் பார்த்ததும் சீடர்களுக்கு இரக்கம் வரவில்லை, விசாரணைதான் வருகிறது. பாவம் செய்தது இவரா, இவரைப் பெற்றவர்களா என்று ஆண்டவரிடம் கேட்கிறார்கள். இரண்டும் இல்லாமல் இருக்கலாம் என்ற எண்ணமே அவர்களுக்கு எழவில்லை. நாம் மட்டும் என்ன? குறையோடு குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறோம். ஹார்லிக்ஸும் பழமும் கொடுக்கிறோம், ஒரு ஜெபம்கூடச் சொல்கிறோம். வெளியே வந்து வாசலில் செருப்பை மாட்டும்போது, எந்தத் தலைமுறை செய்த பாவமோ என்று மெதுவாக ஒரு வார்த்தை. உள்ளே குழந்தையை மடியில் வைத்திருக்கும் தாய்க்கு அது கேட்காது என்றா நினைக்கிறோம்?

கிரேக்கர்கள் இந்தக் கேள்வியை முணுமுணுக்கவில்லை. மேடை போட்டுக் கேட்டார்கள். ஏதென்ஸில் அக்ரோபொலிஸ் குன்றின் தென்சரிவில் தியோனிசஸ் தெய்வத்தின் அரங்கம் இருந்தது. வசந்த காலத் திருவிழாவில் ஊரே அங்கே திரளும். முகமூடி அணிந்த ஆண்கள்தான் எல்லா வேடமும் கட்டுவார்கள். ஊர்மக்களின் குரலாக ஒரு பாடற்குழு கூடவே நிற்கும். அந்த மேடைக்குத் துயர நாடகம் எழுதியவர்களில் மூவரின் நாடகங்களே முழுமையாக நம் கைக்கு வந்திருக்கின்றன: ஈஸ்கிலஸ், சோபக்ளிஸ், யூரிப்பிடிஸ். நான் சொல்லப்போவது சோபக்ளிஸ் எழுதிய ‘ஈடிப்பஸ் மன்னன்’. கோவிலில் புறவினத்தாரின் நாடகத்தைச் சொல்லலாமா என்று யாராவது தயங்கினால், திருத்தூதர் பணிகள் 17ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். புனித பவுல் அதே ஏதென்ஸில் நின்று கிரேக்கக் கவிஞர்களின் சொல்லை எடுத்தாண்டுதான் நற்செய்தி சொன்னார்.

கதை இதுதான். தீப்ஸ் நகரத்தின் அரசன் லாயஸ். பெற்ற மகன் கையால்தான் உனக்குச் சாவு என்று டெல்பியில் அப்போலோவின் கோவிலிலிருந்து அவனுக்கு வாக்கு வருகிறது. மகன் பிறந்து மூன்று நாள் ஆவதற்குள், கணுக்கால்களைத் துளைத்துச் சேர்த்துக் கட்டி, கித்தேரோன் மலையில் போட்டுவிட்டு வா என்று அரண்மனை மேய்ப்பன் ஒருவனிடம் கொடுத்துவிடுகிறார்கள். மேய்ப்பனுக்கு மனசு வரவில்லை. கொரிந்துப் பக்கமிருந்து அதே மலைக்கு மந்தை ஓட்டி வருகிற வேறொருவனிடம் பிள்ளையைக் கொடுத்துவிடுகிறான். கொரிந்தின் அரசனுக்குப் பிள்ளை இல்லை. ஈடிப்பஸ் என்ற பெயரோடு குழந்தை அங்கே இளவரசனாக வளர்கிறது. பவுல் திருமுகங்கள் எழுதினாரே, அதே கொரிந்துதான்.

ஒருநாள் விருந்தில் குடித்திருந்த ஒருவன், நீ உன் அப்பாவுக்குப் பிறந்தவன் இல்லை என்று உளறுகிறான். அந்த உறுத்தலோடு ஈடிப்பஸ் டெல்பிக்குப் போகிறான். கேட்டதற்குப் பதில் வரவில்லை. தகப்பனைக் கொல்வாய், தாயை மணப்பாய் என்ற வாக்குதான் வருகிறது. கொரிந்துக்கே திரும்புவதில்லை என்று நடக்கிறான். மூன்று சாலைகள் கூடுகிற இடத்தில் ஒரு வண்டி எதிரே வருகிறது. வழிவிடு என்று தள்ளுகிறார்கள். வண்டியிலிருந்த பெரியவர் இரட்டை முள் வைத்த தாற்றுக்கோலால் இவன் தலையில் ஓங்கிப் போடுகிறார். கோபத்தில் இவன் அவரையும் உடன் வந்தவர்களையும் கொன்றுபோடுகிறான். ஒருவன் மட்டும் தப்பி ஓடுகிறான். செத்தவர் லாயஸ். பிறகு தீப்ஸுக்குப் போய், ஊரை வதைத்துக்கொண்டிருந்த ஸ்பிங்ஸின் விடுகதையை அவிழ்த்து, அரசனாகி, அரசனை இழந்த அரசி யொகாஸ்தாவை மணந்து, நான்கு பிள்ளைகளும் பிறந்துவிடுகிறார்கள்.

இதுவரை நான் சொன்ன எதுவும் மேடையில் நடப்பதில்லை. விதி என்று சொல்லப்படுவதெல்லாம் நாடகம் தொடங்குவதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. ஊரில் கொள்ளைநோய் பரவுகிறது. லாயஸைக் கொன்றவனைக் கண்டுபிடித்துத் துரத்தினால் நோய் தீரும் என்று டெல்பி சொல்கிறது. அவ்வளவுதான் சொல்கிறது. நீ யார் என்று தேடு என்று எந்தத் தெய்வமும் ஈடிப்பஸை ஏவவில்லை. கொலைகாரனைச் சபிக்கிறவனும் அவன், குருடரான குறிசொல்லி டைரீசியஸைக் கூப்பிட்டு விடுகிறவனும் அவன். வேண்டாம் என்று அவர் தடுக்கிறார்; இவன் வற்புறுத்துகிறான். வேண்டாம் என்று யொகாஸ்தா காலில் விழாத குறையாகக் கெஞ்சுகிறாள், இவன் கேட்பதில்லை. என்னைப் பொறுத்தவரை, ‘விதியின் நாடகம்’ என்று பேர்போன இதில், மேடைமேல் நாம் கண்ணால் பார்ப்பது எல்லாம் ஒரு மனிதனின் சொந்த முடிவுகளைத்தான்.

ஒரு காட்சியை மட்டும் கொஞ்சம் நின்று பார்ப்போம். கொரிந்தின் அரசர் இறந்துவிட்டார் என்ற செய்தியோடு அங்கிருந்து ஒரு கிழவர் வருகிறார். ஈடிப்பஸுக்கு ஒரு பக்கம் நிம்மதி, ஆனால் தாயைப் பற்றிய பயம் போகவில்லை. பயத்தைப் போக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டு கிழவர் சொல்கிறார்: அவர்கள் உன் பெற்றோரே இல்லை, உன்னை மலையில் வாங்கிக்கொண்டு போனவனே நான்தான். யொகாஸ்தாவுக்கு அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிடுகிறது. எழுந்து உள்ளே போய்விடுகிறாள். பிள்ளையைக் கொடுத்த பழைய தீப்ஸ் மேய்ப்பரை இழுத்து வருகிறார்கள். மூன்று சாலைக் கொலையில் தப்பி ஓடியவரும் அவரேதான். கொரிந்துக் கிழவருக்கு ஒரே சந்தோஷம். ஞாபகம் இருக்கிறதா, நீ எனக்கு ஒரு பிள்ளையைக் கொடுத்தாயே, இதோ நிற்கிறாரே, அவர்தான் அந்தப் பிள்ளை என்கிறார். மேய்ப்பர் வாயை மூடு என்று அவர்மேல் பாய்கிறார். ஈடிப்பஸ் அவர் கைகளைப் பின்னால் முறுக்கச் சொல்கிறான். பயங்கரமானதைச் சொல்லும் விளிம்பில் நிற்கிறேன் என்று மேய்ப்பர் அழுகிறார். கேட்கும் விளிம்பில் நானும் நிற்கிறேன், ஆனாலும் கேட்டே ஆகவேண்டும் என்கிறான் அரசன். கடைசியாக, கொல்லச் சொல்லிக் கொடுத்த பிள்ளையை ஏன் இன்னொருவனிடம் கொடுத்தாய் என்று கேட்கிறான். பாவமாக இருந்தது, அதனால் கொடுத்தேன் என்கிறார் அந்தக் கிழவர்.

அந்த ஒரு பதில்தான் எனக்கு இந்த நாடகத்திலேயே மிகக் கொடுமையானதாகப் படுகிறது. கொலையைவிட, தாயை மணந்ததைவிட. எல்லாரும் அஞ்சி ஒரு பச்சைக் குழந்தையைச் சாகக் கொடுத்தபோது, இரங்கியவர் அவர் ஒருவரே. அந்த இரக்கத்தின் வழியாகத்தான் அத்தனை அழிவும் உள்ளே வந்தது. இரக்கத்தைக்கூட விதி தன் கையாளாக வைத்துக்கொள்கிற உலகம் அது. அப்படிப்பட்ட உலகத்தில் நல்லது செய்யவே ஒருவருக்குப் பயம் வரும்.

யொகாஸ்தா தூக்கில் தொங்குவதைப் பார்த்த ஈடிப்பஸ், அவளுடைய உடையில் இருந்த பொன் ஊசிகளைப் பிடுங்கித் தன் கண்களைக் குத்திக்கொள்கிறான். ரத்தம் வழிய வெளியே வருகிறவனைப் பார்த்து, எந்தத் தெய்வம் உன்னை இப்படிச் செய்ய வைத்தது என்று ஊர்க்கிழவர்கள் கேட்கிறார்கள். இந்தத் துன்பங்களைக் கொண்டுவந்தது அப்போலோ, ஆனால் கண்ணில் குத்திய கை என்னுடையது, வேறு யாருடையதும் இல்லை என்கிறான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறான். நாம் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுகொள்கிறோம். வீடு சந்திக்கப் போகும்போது நான் அடிக்கடி கேட்பது, என் தலையெழுத்து சாமி, நான் என்ன செய்வேன் என்பதுதான். சம்பளத்தைக் குடித்தவரும் சொல்கிறார், அவரால் பட்டினி கிடந்த மனைவியும் சொல்கிறார். மனைவி சொன்னால் எனக்குப் புரிகிறது. குடித்தவர் சொன்னால், ஐயா, ஈடிப்பஸ் உங்களைவிட நேர்மையானவன் என்று சொல்லத் தோன்றுகிறது.

முதல் வாசகத்தில் சாமுவேல் பெத்லகேமுக்கு வந்து, ஈசாயின் கடைசி மகன் தாவீதை அரசனாக அருள்பொழிவு செய்கிறார். ஆடு மேய்க்கப் போயிருந்தவனைப் பந்திக்கே யாரும் கூப்பிடவில்லை. கடவுளே தேர்ந்துகொண்ட இந்தத் தாவீது பின்னாளில் என்ன செய்தார் என்று உங்களுக்குத் தெரியும். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவைப் போர்முனையில் சாகவிட்டார். தேர்ந்தெடுக்கப்பட்டதால் அவர் நல்லவராகவே இருந்து தீரவேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. கெட்டுப்போகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிறகு இறைவாக்கினர் நாத்தான் வந்து, ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பறித்த பணக்காரன் கதையைச் சொல்கிறார். அவன் சாகவேண்டியவன் என்று தாவீது கொதிக்கிறார். அது நீரே என்கிறார் நாத்தான்.

ஈடிப்பஸிடம் டைரீசியஸ் சொன்னதும் அதே சொல்தான்: நீ தேடும் கொலைகாரன் நீயே. ஈடிப்பஸ் என்ன செய்தான்? யாரிடம் காசு வாங்கினாய் என்று முதியவரைத் திட்டுகிறான், மைத்துனன் கிரியோன் செய்த சதி என்கிறான். தாவீது வாதாடவில்லை. ஆண்டவருக்கு எதிராகப் பாவம் செய்தேன் என்று ஒப்புக்கொள்கிறார். உடனே நாத்தான், ஆண்டவர் உம் பாவத்தை நீக்கிவிட்டார் என்கிறார். விளைவுகள் தாவீதை விடவில்லை. பிள்ளை இறந்தது, வீட்டுக்குள் வாள் புகுந்தது. ஆனாலும் மன்னிப்பைச் சொல்ல ஓர் ஆள் அங்கே இருந்தார். தீப்ஸில் உண்மையைச் சொல்ல ஆள் இருந்தது, மன்னிக்க ஆள் இல்லை.

ஈடிப்பஸ் பாவம் செய்தானா என்று கேட்டால், நம் மறைக்கல்வியே நமக்கு உதவும். சாவான பாவத்துக்குக் கனமான காரியம், முழு அறிவு, முழு மனச்சம்மதம் மூன்றும் வேண்டும் என்று புதுநன்மைக்குப் படிக்கும் பிள்ளைகள் சொல்வார்கள். தகப்பன் என்று தெரியாமல் அடித்தவன், தாய் என்று அறியாமல் மணந்தவன். கோபத்தில் சிந்திய ரத்தத்துக்கு அவன் பதில் சொல்லத்தான் வேண்டும். தகப்பனைக் கொன்றவன், தாயைக் கெடுத்தவன் என்ற பழி அவனைச் சேராது. சோபக்ளிஸுக்கும் இது உறுத்தியிருக்கவேண்டும். தொண்ணூறு வயதை ஒட்டி, சாவதற்குமுன் அவர் எழுதிய கடைசி நாடகம் ‘கொலோனசில் ஈடிப்பஸ்’. கொலோனஸ் அவர் பிறந்த ஊர். அவர் இறந்தபின் கி.மு. 401இல் பேரன் அதை மேடையேற்றினார். அதில் மகள் ஆன்டிகனியின் கையைப் பிடித்துக்கொண்டு அலையும் கிழட்டு ஈடிப்பஸ், நான் அறியாமல் செய்தவன், குற்றவாளி இல்லை என்று வாதாடுகிறான். கடைசியில் தெய்வமே அவனைப் பெயர் சொல்லி அழைத்துக்கொள்கிறது. அழகான முடிவு. ஆனால் அவனுக்குக் கிடைப்பது நல்ல சாவும் புனிதமான கல்லறையும்தான். அடுத்த நாள் என்று ஒன்று இல்லை.

அறிந்தே செய்தவன் கதையையும் கிரேக்கர் சொன்னார்கள். ஈஸ்கிலஸின் அகமெம்னன், கப்பற்படையோடு ஆலிஸ் துறைமுகத்தில் எதிர்க்காற்று அடங்கட்டும் என்று காத்துக்கிடக்கிறான். மகள் இபிஜீனியாவைப் பலியிட்டால் ஆர்ட்டெமிஸ் தெய்வம் அந்தக் காற்றை அடக்கும் என்று குறி வருகிறது. படையைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். புலம்புகிறான், யோசிக்கிறான், பிறகு கட்டாயத்தின் நுகத்தைத் தானே கழுத்தில் மாட்டிக்கொள்கிறான். பாடற்குழு அப்படித்தான் சொல்கிறது, மாட்டிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. சபித்துவிடக் கூடாதே என்று பெண்ணின் வாயைக் கட்டி, ஆட்டுக்குட்டியைத் தூக்குவது போலப் பலிபீடத்தின்மேல் தூக்குகிறார்கள். வேறு வழியில்லை என்று நாம் சொல்லும் பல இடங்களில் வழி இருக்கிறது. அதில் போனால் நமக்கு நட்டம், அவ்வளவுதான். அப்பா எழுதிவைத்த வீட்டில் தங்கைக்குப் பங்கு தராதவரும் வேறு வழியில்லை என்றுதான் சொல்கிறார்.

அந்தப் பலிக்குப் பழியாக மனைவி அகமெம்னனைக் கொல்கிறாள், தகப்பனுக்குப் பழியாக மகன் ஒரெஸ்டிஸ் தாயைக் கொல்கிறான். சங்கிலியை அறுக்க ஏதென்ஸில் ஒரு நீதிமன்றம் கூட்டப்படுகிறது. வாக்குகள் சமமாக, அத்தேனா தெய்வத்தின் வாக்கால் ஒரெஸ்டிஸ் விடுதலை ஆகிறான். கி.மு. 458இல் இந்த நாடகத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நீதிமன்றத்தின் பெயர் நன்றாகத் தெரியும்: அரயோபாகு. அந்த வழக்கில் அப்போலோ ஒன்று சொல்கிறான்: மனித ரத்தத்தை மண் குடித்துவிட்டால், செத்தவர் எழும்புவது என்பது கிடையாது, அதற்கு என் தகப்பன் சீயுஸிடமும் மந்திரம் இல்லை.

ஏறத்தாழ 500 ஆண்டுகள் கழித்து அதே அரயோபாகுவில் தார்சு நகரத்துக் கூடாரத் தொழிலாளி ஒருவர் நின்று, செத்தவர் ஒருவர் எழுந்துவிட்டார் என்றார். சிலர் சிரித்தார்கள். சிலர் பிறகு கேட்கிறோம் என்று நழுவினார்கள். மன்ற உறுப்பினர் தியொனிசியுவும் தாமரி என்ற பெண்ணும் இன்னும் சிலரும் நம்பினார்கள். பவுல் ஈஸ்கிலஸைப் படித்திருந்தாரா என்று எனக்குக் கவலை இல்லை. அந்த நகரம் தன் மேடையில் மூடிவைத்த கதவு எதுவோ, அதையே அவர் தட்டினார்.

அந்தப் பவுலும் ஒரு சாலையில் பிடிபட்டவர்தான். அகிரிப்பா அரசனுக்குமுன் தம் கதையைச் சொல்லும்போது, தாற்றுக்கோலை உதைப்பது உனக்குத்தான் வலிக்கும் என்று ஆண்டவர் சொன்னதாகச் சொல்கிறார். கிரேக்க நாடகங்களில் புழங்கிய பழமொழி அது. ஈஸ்கிலஸிடமும் உண்டு, யூரிப்பிடிஸிடமும் உண்டு. தெய்வத்தோடு மோதாதே என்று பொருள். ஈடிப்பஸின் தலையில் சாலையில் விழுந்ததும் தாற்றுக்கோல்தான். அவன் திருப்பி அடித்தான். பவுலோ கீழே விழுந்து, மூன்று நாள் பார்வையின்றி, கைப்பிடித்துத் தமஸ்குவுக்கு நடத்திச் செல்லப்பட்டார். அத்தனைக்கும் பிறகு அகிரிப்பாவிடம் அவர் சொல்வதைக் கவனியுங்கள்: விண்ணகக் காட்சிக்கு நான் கீழ்ப்படியாமல் இருக்கவில்லை. கீழ்ப்படியாமல் இருந்திருக்க முடியும் என்றுதானே அதற்கு அர்த்தம்?

ஆனால் கடவுளுக்கு எல்லாம் முன்கூட்டியே தெரியுமே சாமி, பிறகு என் சுதந்திரம் எங்கே என்று இளைஞர் இயக்கத்தில் கேட்கிறார்கள். யூதாசு என்ன செய்வார், அவர் விதி அது என்றும் கேட்கிறார்கள். நல்ல கேள்விகள். தெரிந்திருப்பதும் தள்ளிவிடுவதும் ஒன்றல்ல. மொட்டைமாடியில் நிற்கும் தாய்க்கு, தெருவில் ஓடும் மகன் கல் தடுக்கி விழப்போவது தெரிகிறது. அவள் பார்வை அவனைத் தள்ளிவிடவில்லை. கடவுள் தம் திட்டத்தை வகுக்கும்போதே அவரவருடைய சுதந்திரமான பதிலையும் அதற்குள் சேர்த்தே வகுக்கிறார் என்று கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி 600ஆம் எண்ணில் சொல்கிறது. யோனா நினிவேக்குப் போய், நாற்பது நாளில் நகரம் அழியும் என்றார். நிபந்தனை ஏதும் சொல்லவில்லை. ஊர் சாக்கு உடுத்தியது, நகரம் அழியவில்லை. யோனாவுக்குக் கோபமே வந்துவிட்டது. டெல்பியில் இப்படி நடந்திருந்தால் கோவிலின் மதிப்பு போயிருக்கும். நம் கடவுளுக்கோ சொன்னது நடக்காமல் போவதில் சந்தோஷம். கடைசி இரவில் பேதுருவிடம், நீ என்னை மறுதலிப்பாய் என்று ஆண்டவர் சொன்னார். அதோடு, நீ திரும்பி வந்தபின் உன் சகோதரரை உறுதிப்படுத்து என்றும் சொன்னார். விழுவதைச் சொன்ன வாயே எழுவதையும் சொன்னது. அதே பந்தியில் யூதாசும் இருந்தார். இருவருக்கும் விடிந்தது ஒரே விடியல். ஒருவர் வெளியே போய் அழுதார். மற்றவருக்கும் அழ நேரம் இருந்தது.

இந்த இடத்தில் ஜாதகம் பார்க்கிற நம் வீடுகளுக்கு ஒரு செய்தி. புனித அகுஸ்தினாரும் இளமையில் சோதிடத்தில் மூழ்கியிருந்தவர்தான். கார்த்தேஜ் அரங்கில் துயர நாடகம் பார்த்து அழுவதும் அவருக்குப் பிடித்திருந்தது. பிர்மினுஸ் என்ற நண்பர் சொன்ன சம்பவம் அவர் கண்ணைத் திறந்தது. பிர்மினுஸ் பிறந்த அதே நொடியில் அவர் தந்தையின் நண்பர் வீட்டு அடிமைப் பெண்ணுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. இரண்டு ஜாதகமும் ஒன்று. ஒருவர் செல்வத்தில் வளர்ந்தார், மற்றவர் அடிமையாகவே உழைத்தார். பெண் பார்க்கும் அவசரத்தில் பங்குப் பேரவை உறுப்பினர்களே கட்டம் பார்க்கப் போவதாகக் கேள்வி. பெயர் சொல்லவில்லை.

சரி, இன்றைய நற்செய்தியின் சிலோவாம் குளத்துக்கு வருவோம். சீடர்கள் கேட்டதற்கு ஆண்டவர், இவரும் இல்லை, இவர் பெற்றோரும் இல்லை என்றார். கடவுளின் செயல் இவர் வழியாக வெளிப்படவேண்டும் என்றார். அப்படியானால் அதற்காகவே குருடராகப் பிறக்கவைத்தாரா, அதுவும் விதிதானே என்று கேட்கலாம். அடுத்த சொல்லைக் கேளுங்கள்: பகலாய் இருக்கும்போதே நாம் வேலை செய்யவேண்டும் என்கிறார். யார் காரணம் என்ற பக்கமிருந்து, இனி என்ன செய்வது என்ற பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார். சொல்லிவிட்டுக் குனிந்து சேறு குழைக்கிறார்.

அந்த இடத்திலேயே குணமாக்கியிருக்கலாம். கண்ணில் சேற்றைப் பூசி, போய்க் குளத்தில் கழுவு என்று அனுப்புகிறார். எதுவும் தெரியாத மனிதர், முகமெல்லாம் சேறு, ஊரார் சிரிக்க, தட்டுத்தடுமாறி எருசலேம் தெருவில் நடக்கவேண்டும். போகாமலும் இருந்திருக்கலாம். அவர் போனார். அந்த நடையைக் கடவுள் அவரிடமே விட்டிருந்தார்.

பிறகு விசாரணை. தீப்ஸில் போலவே இங்கும் கேள்விமேல் கேள்வி. பெற்றோரைக் கூப்பிட்டுக் கேட்கிறார்கள். தொழுகைக்கூடத்திலிருந்து தள்ளிவைப்பார்கள் என்ற பயத்தில், அவனுக்கு வயசாகிறது, அவனையே கேளுங்கள் என்று கைகழுவுகிறார்கள். கண் பெற்ற மகனைத் தழுவிக்கொள்ளக்கூட அவர்களுக்குத் துணிவு இல்லை. அவர் மட்டும் அசையவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் அவருடைய பதில் ஒரு படி ஏறுகிறது: முதலில் இயேசு என்ற மனிதர், பிறகு இறைவாக்கினர், பிறகு கடவுளிடமிருந்து வந்தவர். கடைசியில் வெளியே தள்ளுகிறார்கள். ஈடிப்பஸ் உண்மை தெரியத் தெரியப் பார்வையை இழந்தான். இவர் பார்வை பெற்று உண்மைக்கு வந்தார். இருவருமே வெளியே தள்ளப்பட்டவர்கள்தான். ஆனால் இவரைத் தள்ளிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, ஆண்டவரே தேடிக்கொண்டு வருகிறார். ஈடிப்பஸைத் தேடி எந்தத் தெய்வமும் தெருவுக்கு வரவில்லை. தீப்ஸ் மேய்ப்பரின் இரக்கம் வீணாய்ப்போனது என்று வருந்தினோமே, இந்த மேய்ப்பரின் இரக்கம் வீணாகாது.

ஆகவே, சகோதர சகோதரிகளே, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. இரண்டு காரியம் கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையைப் பார்த்து, இவன் தாத்தா மாதிரிக் குடிகாரனாகத்தான் போவான், இவள் அத்தை மாதிரி வாழாவெட்டியாகத்தான் நிற்பாள் என்று இனி சொல்லாதீர்கள். டெல்பி சொன்னதை விடக் கொடிய வாக்கு அது, சொல்வது பெற்றவர்கள் என்பதால். புளித்த திராட்சை தின்ற தகப்பனுக்காகப் பிள்ளையின் பல் கூசும் என்ற பழமொழியை இனி யாரும் சொல்லக்கூடாது என்று ஆண்டவர் எசேக்கியேல் வழியாகத் தடை போட்டிருக்கிறார். 18ஆம் அதிகாரம், இன்று மாலை குடும்ப ஜெபத்தில் வாசியுங்கள். இரண்டாவது, என் தலையெழுத்து என்று எதையாவது நீண்டநாளாக மூடி வைத்திருந்தால், அதில் உங்கள் கை எது என்று பார்த்து எடுத்துக்கொண்டு ஒப்புரவு அருளடையாளத்துக்கு வாருங்கள். சனிக்கிழமை மாலை ஐந்து மணி முதல் பக்கத்து ஊர்களிலிருந்தும் குருக்கள் வந்து அமர்கிறார்கள். பல வருடமாக வராதவர்கள் முதலில் வாருங்கள். ஆமென்.